அண்ணா சேர்த்துக் கட்டிய லாரி

இரண்டு காளைகள் இழுக்க, ஒரு மோட்டார் லாரி மயிலாப்பூருக்குள் வந்து சேர்ந்தது. அது எங்கள் லாரி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவன் என் அண்ணா. பின்புறத்தில், பலகைகள் உளுத்து உதிர்ந்துபோன இரும்புச் சட்டத்தின்மேல் கால்களை அகற்றி வைத்து நின்றுகொண்டு வந்தவன் நான். வெட்கத்தால் தலை குனிந்தேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு என்மேல் நல்லெண்ணம் உண்டாகும். ஆனால் நான் தலை குனியவில்லை. உயரமான இடம் எதுவாக இருந்தாலும் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் பழக்கம் எனக்கு அப்போதே வந்துவிட்டிருந்தது.

தெற்கு மாட வீதி திரும்பும்போது ஒரு ஜட்கா வண்டிக்காரன் கடிவாளத்தை இழுத்து நிறுத்திக் கேட்டான்: "இன்னா சாமி, மோட்டாருக்குப் புல்லு போட்டா போதுமா? பெட்ரோல் வாணாமா?"

"இப்போதைக்குப் புல்லு போறும்" என்றான் அண்ணா. "பெட்ரோல் போட ஆரம்பிச்சேன்னா உன் குதிரைக்கு வேலை போயிடும். ஜாக்கிரதையா இரு."

அண்ணா என்னைவிட ஐந்து வயது மூத்தவன். இண்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு முறை தவறியவன். நானோ கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்து, பேச்சுப் போட்டிகளில் வென்ற வெள்ளிக் கிண்ணங்களை அம்மாவின் பாத்திர அலமாரியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தவன். அப்பா ஒரு வக்கீலிடம் தலைமைக் குமாஸ்தா. வழக்குக் கட்டுகளுக்கு நடுவே முப்பது வருஷம் இருந்து, வாதம் என்பதைச் சங்கீதத்தைப்போல ரசிக்கப் பழகியவர். ரங்கூனில் அரிசி ஆலை ஒன்றில் வேலையாயிருந்த எங்கள் மாமா, அண்ணாவுக்கும் அங்கேயே ஒரு குமாஸ்தா உத்தியோகம் பார்த்து வைப்பதாக எழுதியிருந்தார். அண்ணாவுக்குக் கப்பல் ஏற விருப்பமில்லை. அவன் விரும்பியது அந்த லாரியை.

லாரி அடையாற்றங்கரையில் ஒரு பெரிய பங்களாவின் தென்னந்தோப்பில் நான்கு வருஷமாக மழையிலும் வெயிலிலும் கிடந்தது. முன்பு சோடாப் பெட்டிகள் ஏற்றிச் சென்ற சின்ன லாரி. அந்தப் பங்களாவில் கார் ஓட்டிய டிரைவர் அண்ணாவுக்கு எப்படியோ சிநேகிதன். அண்ணா வயதுதான், ஆனால் மோட்டாரின் குடல்வரை தெரிந்தவன் என்பதால் எல்லோரும் அவனை மேஸ்திரி என்றே அழைத்தார்கள். தோட்டத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் அந்த இரும்பை யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று எஜமானர் சொல்லிவிட்டார். மேஸ்திரிதான் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்.

"நல்லாப் பாத்துக்கோ ஐயரே. இது வண்டி இல்லே, பொணம். ஆனா எலும்பு உறுதியா கீது. சதையும் ரத்தமும் போட்டா எய்ந்து நிக்கும்."

அப்போது மாம்பலம் ஏரியின் பரப்பெல்லாம் தியாகராய நகராகி, மனை மனையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. செங்கல்லும் சுண்ணாம்பும் மணலும் மாட்டு வண்டிகளில் ஆடி அசைந்து போய்ச் சேரும். ஒரு லாரி இருந்தால் மாட்டு வண்டி ஒரு நடை போகும் நேரத்தில் ஐந்து நடை போகலாம் என்று அண்ணா கணக்குப் போட்டிருந்தான். அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ளே அது தன் காலாலே நகரணும். போலீஸ்காரன் ஓட்டலாம்னு காகிதம் குடுக்கணும். அப்புறம் பேசலாம். இல்லேன்னா கப்பல்."

ஆகவே அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: அண்ணா எங்களோடு இருப்பானா, ரங்கூன் போவானா என்பது. அதற்கான விடை, கொல்லையில் குதிரை இல்லாத பழைய வண்டிக் கொட்டகையில், நான்கு மரத் தண்டுகளின்மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது.

சித்திரை பிறந்ததும் மேஸ்திரியின் எஜமானர் குடும்பத்தோடு மலைக்குப் போய்விட்டார். மேஸ்திரி தினமும் எங்கள் கொல்லைக்கு வரத் தொடங்கினான். முதல் வாரம் அவர்கள் எதையும் சேர்க்கவில்லை, பிரிக்கவே செய்தார்கள். கழற்றிய ஒவ்வொரு திருகும் மண்ணெண்ணெயில் ஊறி, சாக்கில் வரிசையாகப் படுத்தது. எது பிழைக்கும், எது பிழைக்காது என்று மேஸ்திரி விரலால் தொட்டுச் சொல்வான். பிழைக்காதவை அதிகம். மவுண்ட் ரோடுக்குப் பின்புறச் சந்துகளில் இருந்த பழைய இரும்புக் கடைகளுக்கு நானும் அண்ணாவும் நடந்தே போய், ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தோம். முன்னால் நின்று எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், எரிந்துபோன ஒரு பஸ்ஸிலிருந்து வந்தது. அது இந்த வண்டிக்கு அரை முழம் உயரம் கூடுதல். எஞ்சினை மூடும் தகடு அதனோடு பொருந்தவில்லை. மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டி நீட்டினார்கள். பொறி கொடுக்கும் மாக்னெட்டோ, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த ஓர் எஞ்சினுடையது. கட்டி ரப்பர் சக்கரங்களை எறிந்துவிட்டு, காற்றடைத்த டயர்கள் பூட்டும் பஸ் சக்கரங்களையே அச்சோடு வாங்கிப் போட்டார்கள். பழைய சக்கரத்தில் செங்கல் ஏற்றினால் பாதி தூளாகத்தான் போய்ச் சேரும் என்பது மேஸ்திரியின் வாதம்.

கிளச்சுக்குத் தோல் வேண்டியிருந்தது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் அந்தக் கிளச்சு, பழைய வண்டிகளில் தோல் போர்த்திய ஒரு கூம்பு. கடைகளில் கிடைத்த தோலெல்லாம் காய்ந்து வெடித்தவை. அண்ணா ஒருநாள் குளத்தங்கரையில் இருந்த மிருதங்கம் கட்டுபவர் ஒருவரின் பட்டறைக்குள் நுழைந்துவிட்டான். நானும் கூட இருந்தேன். அவர் ஒரு வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நம்ப தோலு கச்சேரியிலதான் சாமி பேசும். இது எங்க போய்ப் பேசப் போவுது?"

"தியாகராய நகர்லே."

"அங்க இன்னும் சபாவே கட்டலியே."

"கட்டறதுக்குச் செங்கல் கொண்டுபோறதே இதுதான்."

அவர் சிரித்துவிட்டு, நல்ல வாராகவே வெட்டிக் கொடுத்தார். அதை விளக்கெண்ணெயில் ஊறவைக்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்னான். அண்ணா சமையலறையிலிருந்து ஜாடியோடு எடுத்துக்கொண்டு போனபோது அம்மா வாசற்படியை மறித்து நின்றாள்.

"அதுக்கு வயத்துலே என்னடா கோளாறு, விளக்கெண்ணெய் குடுக்கறே?"

"உருண்டு போகணுமே அம்மா."

"உனக்குக் குடுத்திருந்தா நீயாவது பாஸ் பண்ணியிருப்பே" என்று சொல்லிவிட்டு வழி விட்டாள்.

பின்புறத்துப் பலகைகளுக்கு நொச்சிக்குப்பம் போனோம். கரையில் உடைந்து சாய்ந்திருந்த ஒரு மசூலாப் படகின் பக்கத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி, நாங்கள் பலகையைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டு நிமிர்ந்தாள்.

"இன்னாத்துக்குப் பலகை? கட்டுமரம் ஓட்டப் போறியா சாமி?"

"லாரிக்கு. செங்கல் ஏத்தணும்" என்றான் அண்ணா.

"நல்லாருக்கு. எங்க மாமனாரு இதுலதான் கப்பலுக்கு ஆளு ஏத்திக்கினு போவாரு. இதும் மேல செங்கல்லு ஏத்துனா அதுக்கு ரோசம் வந்துடும்." பிறகு ஒரு கணம் யோசித்து, "எடுத்துக்கோ. ஆனா ஆணி அடிக்காதே, பொளந்துக்கும். கயிறு போட்டுத் தை" என்றாள்.

அந்தப் படகுகளில் ஆணி கிடையாது. விளிம்புகளில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அதே துளைகளில் புதுக் கயிற்றைக் கோத்து, அவளுடைய மகன்கள் இருவர் எங்கள் கொல்லைக்கு வந்து லாரியின் முதுகைத் தைத்துக் கொடுத்தார்கள். கயிறு தைத்த மோட்டார் லாரி சென்னைப்பட்டணத்தில் வேறொன்று இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இந்த வேலைகளில் என் பங்கு என்ன என்று கேட்டால், பேசியதுதான். கையில் எண்ணெய் படுவதை நான் விரும்பவில்லை; அதை மறைக்கவும் இல்லை. லாரியின் பின்தளத்தில் ஏறி நின்றுகொண்டு, அடுத்த சனிக்கிழமைக்கான சொற்பொழிவை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். அண்ணா அடியில் படுத்திருப்பான். அவனுடைய கால்கள் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கால்களைப் பார்த்துத்தான் நான் பேசினேன். இன்று பெரிய கூட்டங்களில் எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பேசுகிறேன்; ஆனால் அவ்வளவு கவனமாக எந்த முகமும் கேட்டதில்லை. வாக்கியம் நீண்டுபோனால் கீழேயிருந்து, "மூச்சு வாங்கறது உனக்கு. ரெண்டா வெட்டு" என்று குரல் வரும். உவமை பொருந்தாவிட்டால், "இந்த நட்டு இந்த போல்ட்டுக்கு இல்லேடா" என்பான். பரீட்சையில் இரண்டு முறை தவறிய ஒருவன், என் பேராசிரியர்களைவிடத் துல்லியமாக என் பிழையைக் கண்டான்.

எங்கள் சொற்போர்ச் சங்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் சனிக்கிழமை மாலைகளில் மாணவர்கள் நாங்கள் கூடுவோம். எங்களுக்கென்று ஒரு விதி உண்டு. ஒருவன் தன் கட்சியைப் பேசி முடித்து உட்காரும் முன், அவையில் யார் வேண்டுமானாலும் எழுந்து "மறுபக்கம்" என்று ஒரே ஒரு சொல் சொல்லலாம். சொன்னால், அவன் அந்தக் கணமே திரும்பி, எதிர்க்கட்சியை அதே வன்மையோடு பேச வேண்டும். தயங்கினால் தோற்றான். மனத்தில் உறுதிப்பட்ட கருத்தின் எதிரை அந்தக் கணத்திலேயே பேச முடியாமல் பலர் நாக்குழறி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. அதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை. அப்பாவும் இரண்டு மூன்று சனிக்கிழமைகள் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்து கேட்டுவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த விதியையே மெச்சிக்கொண்டு வந்தார்.

வைகாசியில் ஒரு பிற்பகல். மேஸ்திரி வரவில்லை. அண்ணா அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். நான் பேசி ஓய்ந்து தளத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் கொட்டகையின் கீற்றிடுக்குகளில் இறங்கியிருந்தது. நான் கேட்காமலேயே அவன் சொன்னான்.

"பரீட்சை ஹால்லே உக்காந்தா எனக்குக் கை நடுங்கறதுடா. பேனாவைப் பிடிக்க முடியறதில்லே. இதுக்கு அடியிலே வந்து படுத்துண்டா நடுங்கலே. சில சமயம் தோணறது, நான் இதை ஆசைப்பட்டுப் பண்றேனா, பயந்துண்டு ஒளிஞ்சுக்க இடம் தேடிண்டேனான்னு."

"அப்படியெல்லாம் இல்லே" என்றேன்.

"இருக்கலாம். யார்ட்டயும் சொல்லாதே."

சொல்ல மாட்டேன் என்றேன். அப்போது அதை மனமாரத்தான் சொன்னேன்.

ஆனி பத்தாம் தேதி வாக்கில் எஞ்சின் முதன்முறையாக உயிர் பெற்றது. மேஸ்திரி முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற, ஏழாவது சுற்றில் ஓர் இருமல், ஒரு பெரிய கரும்புகை, பிறகு விடாத அதிர்வு. அடுத்த வீட்டு மாமி துணி உலர்த்தும் கொடியோடு ஓடினாள். அண்ணா எஞ்சினை மூடிய தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஜுரம் பார்ப்பவன்போல வெகுநேரம் நின்றான்.

போலீஸ் பரீட்சைக்கு லாரியில் செங்கல் நிரப்பி வரச் சொன்னார்கள். சோதிக்க வந்த சார்ஜெண்டு, அடையாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தச் சொன்னார். பட்டணத்தில் வேறு மேடு ஏது? வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் நின்றது. அவர் இறங்கி, சுற்றி வந்து, பின்புறத்துக் கயிற்றுத் தையலைத் தடியால் தட்டினார்.

"இது என்ன மேன்? வண்டியா, போட்டா?"

"ரெண்டும் தொரே" என்றான் மேஸ்திரி. "மய வந்தா மெதக்கும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று திரும்பும் வழியில் அண்ணாதான் ஓட்டினான். அவன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுக்கமே இல்லை.

காகிதம் வந்த அதே வாரத்தில் மாமாவின் கடிதமும் வந்தது: வேலை நிச்சயமாகிவிட்டது, ஆடி முதல் வாரத்துக் கப்பலில் புறப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆனதும், அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டார். இரண்டு காகிதங்களும் அவர் மடியில் இருந்தன.

"வண்டியும் நகர்ந்துடுத்து. வேலையும் வந்துடுத்து. நான் குடுத்த வாக்குப்படி பேசலாம். யார் பேசப் போறா?"

அண்ணா என்னைக் காட்டினான். "இவன் பேசட்டும் அப்பா. எனக்குப் பேச வராது."

நான் எழுந்து நின்றேன். அந்தப் பேச்சை நான் பல நாளாகத் தயார் செய்திருந்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்நிய தேசத்தில் பிறருடைய அரிசியைக் கணக்கெழுதுவதைவிடச் சொந்த ஊரில் சொந்தக் கையால் ஒரு நகரத்தைக் கட்டுவது மேல் என்றேன். குப்பையில் கிடந்ததைக் கொண்டு இதைச் செய்தவனைப் பரீட்சைத் தாள் அளந்துவிட முடியாது என்றேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா தலையை அசைத்து அசைத்துக் கேட்டார். முடித்தபோது எனக்கே உடல் சிலிர்த்திருந்தது. வழக்கு வென்றாயிற்று என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்போது அவர் சாய்ந்து உட்கார்ந்து, ரசிகனின் குறும்போடு, "மறுபக்கம்" என்றார்.

"விளையாட்டுக்கு இதுவா வேளை?" என்றாள் அம்மா.

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் அண்ணாவைப் பார்த்தேன். அவன் சுவரில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "பேசுடா, நீ தோத்து நான் பாத்ததில்லே" என்றான்.

பேசினேன். முதல் சில வாக்கியங்கள் விளையாட்டாகத்தான் வந்தன. அவயவத்துக்கு ஒரு வண்டியிடம் இரவல் வாங்கிய லாரி, இரவல் கொடுத்த ஒவ்வொரு வண்டியும் செத்த வழியிலேயே சாகும் என்றேன். அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை ஏற்றிவிட்டது. பேச்சுக்குப் பழகியவர்களுக்குத் தெரியும்: அவை ஒருமுறை கைக்குள் வந்துவிட்டால், அடுத்த வாக்கியம் முந்தியதைவிடக் கூர்மையாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிடி நழுவிவிடும். நான் கூர்மையானதைத் தேடினேன். அது தயாராகக் கையில் இருந்தது.

"தைரியத்தால் ஒருவன் லாரிக்கு அடியில் படுக்கலாம். பயத்தாலும் படுக்கலாம். பேனாவைப் பிடித்தால் நடுங்குகிற கை, திருப்புளியைப் பிடித்தால் நடுங்காது. ஏனென்றால் அங்கே மதிப்பெண் போடுபவன் இல்லை. தோல்விக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் இடத்தை ஒருவன் தொழில் என்று சொன்னால், அவனைப் பெற்றவர்கள் அதை நம்ப வேண்டுமா?"

அப்பா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அம்மா என்னைப் பார்க்காமல் அண்ணாவைப் பார்த்தாள். என் குரல் கூடத்தில் தனியாக நிற்பது எனக்குக் கேட்டது. அண்ணா சுவரிலிருந்து நகர்ந்து நேராக நின்றிருந்தான்.

அப்பாதான் முதலில் பேசினார். "ரெண்டாவது வெறும் சாமர்த்தியம். முதல்லே சொன்னதுதான் நியாயம். நீ போக வேண்டாம். வண்டியை ஓட்டு. மாமாவுக்கு நான் எழுதிக்கறேன்."

"இல்லேப்பா" என்றான் அண்ணா. "நான் ரங்கூன் போறேன்."

"அவன் விளையாட்டுக்குச் சொன்னான்டா."

"விளையாட்டுதான். ஆனா அதுலே பாதி அவன் வார்த்தை இல்லே, என்னுது. நானே சொல்றச்சே சந்தேகமா இருந்தது. இன்னொருத்தர் வாயாலே கேட்டப்போ நிஜம்னு பட்டுது." குரலில் கோபமில்லை. ஒரு திருகு சரியான பள்ளத்தில் உட்கார்ந்ததைச் சொல்பவன்போலச் சொன்னான். "போய்த்தான் பாக்கறேனே. நடுங்கறதா இல்லையான்னு."

அதன் பிறகு இருந்தவை பதினெட்டு நாட்கள். அந்த நாட்களில் அவன் லாரியை விடவில்லை. மேஸ்திரியிடம் ஒப்படைக்க அதைச் சீர் செய்துகொண்டிருந்தான். மேஸ்திரி பங்களா வேலையை விட்டுவிட்டு லாரியை ஓட்டுவதாக ஏற்பாடு. நான் தினமும் கொட்டகைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். போக வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் சொன்னேன். முதல் நாள் நான்கு; மறுநாள் ஏழு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவன் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து, தரையில் உட்கார்ந்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தான்.

"நீ சொல்றதெல்லாம் நன்னாத்தான் இருக்கு. அன்னிக்குச் சொன்னதும் நன்னாத்தான் இருந்தது. எதை நீ மனசோட சொல்றே, எதைச் சும்மா சொல்றேன்னு எனக்கு இப்போ தெரியலேடா. முன்னெல்லாம் தெரிஞ்சுது."

நான் தரையில் உட்கார்ந்தேன். பேச்சின் நடுவில் நான் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அவன் மறுபடி உள்ளே நகர்ந்துகொண்டான்.

துறைமுகத்துக்கு லாரியிலேயே போனோம். அம்மாவும் அப்பாவும் முன்னதாக டிராமில் போய்விட்டிருந்தார்கள். டிரங்குப் பெட்டியும் படுக்கையும் பின்னால். அண்ணா ஓட்டினான், நடுவில் நான், ஓரத்தில் மேஸ்திரி. கடற்கரைச் சாலை முழுவதும் அண்ணா மேஸ்திரியிடமே பேசிக்கொண்டு வந்தான்.

"ரேடியேட்டர்லே தண்ணி தினம் பாரு. அடியிலே மயிர்க்கோடா ஒரு கசிவு இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? நீ போற எடத்துல சோத்தைப் பாரு. அங்க நாப்பின்னு மீனை ஊறப்போட்டுத் துன்றாங்களாம், கப்பு தாங்காதாம்."

"கிளச்சுலே விளக்கெண்ணெய் காயவிடாதே."

"உன் அம்மாவாண்ட கேட்டு வாங்கிக்கறேன். ஐயரே, ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே வண்டியத் திருப்பிடறேன்."

அண்ணா சிரித்தான். ஸ்டியரிங்கைத்தான் அவன் பிடித்திருந்தான். திருப்புவதானால் அவனே திருப்பியிருக்கலாம். நான் நடுவில் உட்கார்ந்து, அவன் தோள் என் தோளில் உரசுவதை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை உரசும். காற்றடைத்த சக்கரமாக இல்லாமலிருந்தால் இன்னும் பல முறை உரசியிருக்கும்.

கப்பலில் ஏறும்முன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம் பண்ணினான். மேஸ்திரியைக் கட்டிக்கொண்டான். என் தோளைப் பிடித்து, "மூச்சு வாங்காமே பேசு" என்றான். அவ்வளவுதான். மேல்தளத்தில் நின்ற ஆயிரம் வேட்டிகளில் அவனுடையது எது என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்ததாக அம்மா சொன்னாள். கை காட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது மூன்று வருஷமாகிறது. மாதம் ஒரு கடிதம் வருகிறது. மழையைப் பற்றி எழுதுகிறான்; ஆலையில் உமி பறந்து கண்ணில் விழுவதைப் பற்றி எழுதுகிறான். பெரிய புத்தகத்தில் கணக்கெழுதுவதாகவும் கை நன்றாக இருப்பதாகவும் முதல் வருஷமே எழுதிவிட்டான். அப்படியானால் இனித் திரும்பி வரலாமே என்று நான் எண்ணினேன். அதைச் சொல்லப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன், படித்துப் பார்த்தேன், நல்ல கட்டுரை. கிழித்துப் போட்டேன். இன்னொரு முறை நான்கு பக்கம் எழுதி, அதையும் கிழித்தேன். கடைசியில் மற்ற சமாசாரங்களுக்குக் கீழே, ஓரத்தில், "வந்துவிடேன்" என்று மட்டும் எழுதிப் போட்டேன். பதிலில் எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. அதற்கு மட்டும் இல்லை. ஓரத்தில் எழுதியது கண்ணில் படவில்லையோ, பட்டும் மனசோடு சொன்னதா, சும்மா சொன்னதா என்று அவனுக்குத் தெரியவில்லையோ, அறியேன்.

சென்ற மாதம் தியாகராய நகரில் ஒரு வாசகசாலைத் திறப்பு விழாவில் பேசப் போயிருந்தேன். பேசி முடித்து வெளியே வந்தபோது, எதிரே பாதி எழும்பிய ஒரு வீட்டின் முன் எங்கள் லாரி நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கால்பலகையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி, என்னைக் கண்டு எழுந்தான்.

"சின்ன சாமி, நீதான் உள்ள பேசிக்கினு இருந்தியா? இங்க வரைக்கும் கேட்டுது. அண்ணன் கடுதாசி போட்டாரா?"

"போட்டான். சௌக்கியமா இருக்கானாம்."

"எப்ப வர்றாராம்?"

"அதை எழுதலே."

"நீ கூப்ட்டியா?"

"கூப்பிட்டேன். ஒரு தரம்."

அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "ஒரு தபா கூப்ட்டா யாரு வருவா? வண்டி கூட ஏயு தபா சுத்துனாதான் கெளம்புது. திருப்பிக் கூப்டு. காரணம் கீரணம் சொல்லிக்கினு இருக்காதே. சும்மா கூப்டு."

செங்கல் இறங்கி முடிந்தது. அவன் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினான். வண்டி கிளம்பித் திருப்பத்தில் மறையும்வரை நின்றிருந்தேன். பிறகு தபாலாபீசுக்குப் போய் ஒரு கார்டு வாங்கினேன். அங்கேயே, கயிற்றில் கட்டித் தொங்கிய பேனாவால், "அண்ணா, வா" என்று எழுதினேன். மீதி இடம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. எழுத எவ்வளவோ இருந்தது. எழுதாமல், விலாசத்தை மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டேன்.